கட்டில்கள் நிறைந்த ஊரில் கைகளின் கணக்கு

2021 மே கடைசி வாரம். கொரோனா இரண்டாம் அலையின் தினசரித் தொற்றில் கோயம்புத்தூர் மாவட்டம் சென்னையை முந்தியது. மக்கள்தொகையில் தன்னைவிடப் பெரிய தலைநகரத்தைத் தாண்டி மாநிலத்திலேயே முதலிடம் பிடித்த பெருமை எந்த ஊருக்கும் வேண்டாத பெருமை. மே 30 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கவச உடை அணிந்து சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையின் கொரோனா வார்டுக்குள் சென்றார். அந்தப் படம் நாடெங்கும் வந்தது. அதே உடையை மணிக்கணக்கில் மாட்டிக்கொண்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் வார்டில் நின்றவர்களில் பலர் ஒப்பந்த நர்சுகள். ஆக்சிஜன், கட்டில், ஊசி மருந்து எல்லாவற்றுக்கும் அன்றைக்குத் தனித்தனிக் கணக்கு இருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய ஆளுக்கான கணக்குதான் அவசரத்தில் போடப்பட்டது. அந்த அவசரம் தணிந்ததும், 2022 டிசம்பர் 31 அன்று, கொரோனா காலத்தில் சேர்க்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நர்சுகளின் ஒப்பந்தம் மாநிலம் முழுக்க முடித்துக்கொள்ளப்பட்டது. வேறு திட்டங்களில் வேலை தருவதாக அரசு சொன்னது. அவர்கள் தெருவில் உட்கார்ந்து போராடினார்கள்.

கொங்கு நாட்டின் மருத்துவப் பணியாளர் நிலையைப் பேச இதைவிடப் பொருத்தமான தொடக்கம் கிடைப்பது கடினம். ஏனென்றால் கோயம்புத்தூருக்கு ஆஸ்பத்திரிப் பஞ்சம் கிடையாது. ஊரார் பெரியாஸ்பத்திரி என்று சொல்லும் அரசு மருத்துவமனை 1909லிருந்து இருக்கிறது. பருத்தி மில் பணம் பெருகிய காலத்தில் அதில் ஒரு பங்கு வைத்தியத்துக்குத் திரும்பியது: ஜி. குப்புசாமி நாயுடு நினைவு மருத்துவமனை 1952ல், ராமகிருஷ்ணா மருத்துவமனை 1975ல், பீளமேட்டில் பி.எஸ்.ஜி. மருத்துவக் கல்லூரி 1985ல். அரசின் கோவை மருத்துவக் கல்லூரி 1966லேயே வந்துவிட்டது. பிறகு மருத்துவர்களே முதலாளிகளானார்கள். 1978ல் கங்கா, 1990ல் கே.எம்.சி.எச். வாளையாரைத் தாண்டி மலையாளிகள் வைத்தியத்துக்கு வருகிறார்கள். அட்டப்பாடியிலிருந்து ஆம்புலன்ஸ் வருகிறது. அவிநாசி சாலையில் ஒரு கிலோமீட்டர் நடந்தால் எத்தனை மருத்துவமனைப் பலகைகள் கண்ணில் படும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

இங்கே வளர்ந்த மருத்துவத் திறமைக்கு மண்ணின் தொழிலோடு உறவு உண்டு. விசைத்தறியும் பஞ்சாலையும் வார்ப்படத் தொழிலும் நிறைந்த வட்டாரத்தில் இயந்திரத்தில் கை சிக்குவது அன்றாடம். மயக்க மருந்து நிபுணர் ஜே.ஜி. சண்முகநாதன் தொடங்கிய கங்கா மருத்துவமனையில் அவருடைய மகன்கள் எஸ். ராஜசேகரன் எலும்பு, முதுகுத்தண்டு அறுவை சிகிச்சையிலும், எஸ். ராஜா சபாபதி கை, ஒட்டுறுப்பு அறுவை சிகிச்சையிலும் பெயர் பெற்றார்கள். திறந்த எலும்பு முறிவு எவ்வளவு கடுமையானது, காலை எடுக்க வேண்டுமா காப்பாற்றலாமா என்று முடிவெடுக்க அங்கே உருவாக்கப்பட்ட மதிப்பெண் முறை ஆஸ்பத்திரியின் பெயராலேயே உலகில் புழங்குகிறது. வெளிநாட்டு மருத்துவர்கள் இங்கே வந்து தொழில் பழகுகிறார்கள். விபத்து கற்றுக்கொடுத்த வித்தை என்று இதைச் சொல்வதில் தவறில்லை.

இவ்வளவு இருந்தும் குறை எங்கே? அதற்கு முன் எண்களைப் பார்த்துவிட வேண்டும். அவற்றை முழுசாக நம்ப முடியாது, ஒதுக்கவும் முடியாது.

ஆயிரம் பேருக்கு ஒரு மருத்துவர் என்ற அளவு மேடைதோறும் சொல்லப்படுகிறது. உலக சுகாதார நிறுவனம் உண்மையில் பேசியது மருத்துவர், நர்ஸ், மருத்துவச்சி மூவரையும் சேர்த்து. 2006 அறிக்கையில் அது வைத்த குறைந்தபட்ச அளவு 10,000 பேருக்கு 23. அதற்குக் கீழே கடும் பற்றாக்குறையில் இருப்பதாக அன்று பட்டியலிட்ட 57 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. பத்தாண்டு கழித்து அந்த அளவு 44.5 ஆக உயர்த்தப்பட்டது. தமிழ்நாட்டைப் பற்றி 2018ல் வந்த ஒரு கணக்கு 253 பேருக்கு ஒரு மருத்துவர் என்றது. ஐரோப்பாவோடு போட்டி போடும் எண் அது. ஆனால் அது மருத்துவக் கவுன்சில் பதிவேட்டை வைத்துப் போட்ட கணக்கு. பதிவேட்டில் ஒருமுறை ஏறிய பெயர், அவர் லண்டனுக்குப் போனாலும் தொழிலை விட்டாலும் காலமானாலும், எளிதில் இறங்குவதில்லை. அந்த 253 பேரில் ஒருவர் கோவை ரேஸ்கோர்ஸில் குடியிருப்பவரா ஈரோடு மாவட்டத்துக் கடம்பூர் மலையில் குடியிருப்பவரா என்றும் அது சொல்லாது.

உலக சுகாதார நிறுவனத்துக்காக சுதீர் ஆனந்தும் விக்டோரியா ஃபேனும் செய்து 2016ல் வெளிவந்த ஆய்வு வேறு வழியில் போனது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் "உங்கள் தொழில் என்ன, படிப்பு என்ன" என்ற இரண்டு கேள்விக்கும் மக்கள் சொன்ன பதிலை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தது. தன்னை அலோபதி மருத்துவர் என்று சொல்லிக்கொண்டவர்களில் 57.3 சதவீதம் பேரிடம் மருத்துவப் படிப்பே இல்லை. கிராமப்புறத்தில் நிலைமை இன்னும் மோசம்: அங்கே அலோபதி மருத்துவர்களில் படித்துத் தகுதி பெற்றவர்கள் 18.8 சதவீதம் மட்டுமே. நர்சுகள் கதை அதைவிடக் கூர்மையானது. நாட்டின் மக்கள்தொகையில் 3 சதவீதத்தைச் சற்றே தாண்டும் கேரளத்தில், நாட்டின் தகுதி பெற்ற நர்சுகளில் 38.4 சதவீதம் பேர் இருந்தார்கள். பாலக்காட்டுக் கணவாய்க்கு இந்தப் பக்கம் கோவை மருத்துவமனைகளில் மலையாளம் பேசும் சிஸ்டர்கள் அவ்வளவு பேர் இருந்ததன் காரணம் இந்த எண்ணில் இருக்கிறது. எண்கள் கால் நூற்றாண்டு பழையவை, இன்றைக்கு அப்படியே பொருந்தா. சராசரிக்குள் எவ்வளவு ஒளிந்துகொள்ள முடியும் என்பதற்கு மட்டும் அவை சாட்சி.

கொங்கு நாட்டுக் கிராமத்தில் படித்த மருத்துவர் காலடி வைத்தது வெகு பின்னால். பிரசவம் பார்த்தவர்கள் நாவிதர் குடும்பத்துப் பெண்கள். கல்யாணத்தில் மங்கல வாழ்த்து சொல்பவர் குடிமகன் என்றால், தொப்புள்கொடி அறுப்பவர் அவர் வீட்டு அம்மா. கூலி பெரும்பாலும் தானியம். ஊருக்கே தாதியாக இருந்த அந்தப் பெண்ணை வீட்டுக்குள் எவ்வளவு தூரம் வரவிடலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. உடம்பைத் தொட்டு உழைப்பவர்களின் வேலைக்கு மதிப்பு குறைவு என்ற பழக்கம் அங்கேயே தொடங்கிவிட்டது. இன்றைய சம்பளப் பட்டியலிலும் அதன் வாசனை அடிக்கிறது.

மலையில் வேறு கதை. ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் 1940களில் மருத்துவராக வேலைக்குப் போன பி.எச். டேனியல், தான் கேட்டறிந்த தொழிலாளர்களின் பழைய வாழ்க்கையை வைத்து 1969ல் 'ரெட் டீ' என்ற ஆங்கில நாவல் எழுதினார். கோவை எழுத்தாளர் இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கினார். மலேரியாவும் பட்டினியும் ஆளை அள்ளிக்கொண்டு போன காலத்தில், வைத்தியம் என்ற பெயரில் தோட்டத்தில் என்ன நடந்தது என்பதை ஒரு மருத்துவரே எழுதியிருப்பது அந்த நூலின் கனம். 1951ன் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதியைத் தோட்ட நிர்வாகத்தின் கடமையாக்கியது. வால்பாறையில் தொழிலாளர் எண்ணிக்கை குறையக் குறைய அந்த ஆஸ்பத்திரிகளும் சுருங்கின. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போக வேண்டிய ஊரில் நிபுணர் ஒருவரை நிலையாக உட்காரவைப்பது அரசுக்கு இன்னும் தீராத தலைவலி.

நாட்டளவில் ஒரு பெரிய முடிவு 1946ல் எடுக்கப்பட்டது. சுதந்திரத்துக்கு முன் நாட்டில் பதிவு பெற்றிருந்த சுமார் 47,500 மருத்துவர்களில் ஏறக்குறைய 30,000 பேர் பட்டதாரிகள் இல்லை, எல்.எம்.பி. என்ற குறுகிய காலப் படிப்பு படித்தவர்கள். சிறு நகரங்களில் மருத்துவம் பார்த்தவர்கள் பெரும்பாலும் இவர்களே. அந்த ஆண்டு அறிக்கை தந்த, போர் (Bhore) என்பவர் தலைமையிலான சுகாதாரக் குழு, இனி ஒரே தரத்து எம்.பி.பி.எஸ். போதும் என்று பரிந்துரைத்தது. குழுவுக்குள்ளேயே சிலர் மறுத்து எழுதினார்கள். கிராமத்துக்கு யார் போவார் என்பதே அவர்கள் கேள்வி. தரத்துக்கு ஆசைப்பட்டது தப்பில்லை. ஆனால் காலியான அந்த இடத்தைக் கம்பவுண்டரும் மெடிக்கல் ஷாப்காரரும் போலி மருத்துவரும் நிரப்பினார்கள். ஈரோடு, திருப்பூர் பக்கம் சுகாதாரத்துறை சோதனை நடத்தி யாரையாவது பிடித்த செய்தி இன்றும் வந்துகொண்டேயிருக்கிறது. "ஒரு ஊசி போட்டுட்டு வந்தர்லாமுங்க" என்று போகிறவருக்கு எதிரில் இருப்பவரின் பட்டம் ஒரு பொருட்டே இல்லை. கடை திறந்திருக்கிறதா, கடன் சொல்லலாமா என்பதுதான் பொருட்டு.

தமிழ்நாடு இதற்குக் கண்ட விடை மருத்துவரை விட்டு விலகியது என்பது பலருக்குத் தெரியாது. சென்னை மாகாணத்தில் 1939லேயே பொது சுகாதாரச் சட்டம் வந்தது. நோய் தீர்க்கும் துறை ஒன்று, நோய் வராமல் பார்க்கும் துறை ஒன்று என்று இரண்டு தனித்தனி ஆள்வரிசை இங்கே உண்டு. பெரும்பாலான மாநிலங்களில் கிடையாது. அந்தப் பொது சுகாதார வரிசையின் அடிக்கட்டையில் நிற்பவர் கிராம சுகாதார செவிலியர். ஊரில் அவருக்குப் பெயர் நர்சம்மா.

சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலையில் 3,000 பேருக்கு ஒன்று. மாநிலத்தில் இப்படி 8,713 நிலையங்கள். 1980களில் டென்மார்க்கின் டேனிடா உதவியோடு அன்றைய சேலம், தென்னாற்காடு மாவட்டங்களில் இவற்றுக்குக் கட்டடமும் நர்சம்மா தங்க இடமும் கட்டினார்கள். நாமக்கல் அப்போது சேலம் மாவட்டத்துக்குள் இருந்தது. நர்சம்மாவின் வேலை பக்கத்து வீட்டுக்காரியின் வேலையைப் போலத் தொடங்கும்: எந்த வீட்டில் மருமகளுக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று முதலில் அறிவது. பிறகு பதிவு, ரத்தசோகை பார்ப்பது, இரும்புச்சத்து மாத்திரை விழுங்க வைப்பது, ஸ்கேனுக்கு அனுப்புவது, பிரசவ தேதி நெருங்கும்போது 108க்குச் சொல்லிவைப்பது. புதன்கிழமை தடுப்பூசி. குளிர்பெட்டியை வண்டியில் கட்டிக்கொண்டு தோட்டத்துச் சாளைகளுக்குப் போகும் அவரைத்தான் கொங்குக் கிராமத்தார் அரசாங்கமாகப் பார்க்கிறார்கள். கொங்கு நாட்டில் வீடுகள் தெருவாக நிற்காமல் காட்டுக்குக் காடு சிதறிக் கிடப்பதால், 5,000 பேர் என்ற எண் தஞ்சாவூரில் தரும் நடையும் தாராபுரத்தில் தரும் நடையும் ஒன்றில்லை. அரசாணை இந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்ததில்லை.

பலன் எண்ணில் தெரியும். ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்குத் தாய் இறப்பு 2004–06ல் தமிழ்நாட்டில் 111. 2018–20ல் 54. அதே காலத்தில் இந்திய சராசரி 97. இந்த இறக்கத்துக்கு 108 வண்டி, அவசரப் பிரசவ மையங்கள், மயக்க மருந்து நிபுணர் இல்லாத ஊரில் தனியார் நிபுணரை ஒரு அறுவைக்கு இவ்வளவு என்று கூப்பிட்டுக்கொள்ளும் ஏற்பாடு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவும் பகலும் முறை மாற்றி மூன்று நர்சுகள் எனப் பல காரணம் உண்டு. ஆனால் கர்ப்பிணி யார், எங்கே இருக்கிறார் என்று தெரியாமல் இதில் எதுவும் நடக்காது. அதைத் தெரிந்துவைத்திருப்பவர் நர்சம்மா.

அவருடைய நாளைக் கணினி தின்கிறது. ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் தாய்சேய் அடையாள எண் வாங்க வேண்டும். அது இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் வராது. பதிவேடு, மடிக்கணினி, கைப்பேசிச் செயலி என்று ஒரே தகவலை மூன்று இடத்தில் ஏற்ற வேண்டியிருக்கிறது என்பது அவர்கள் சங்கங்களின் நெடுநாள் குறை. வீட்டுக்குப் போனதைப் பதிவு செய்ய நேரம் ஒதுக்கி, வீட்டுக்குப் போவதற்கு நேரம் இல்லாமல் போகிற விசித்திரம் இது.

பிரசவத்தில் இன்னொரு பக்கம் உண்டு. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன், தனியாரில் 63.8 சதவீதம். உடம்புக்கு வேண்டியது இவ்வளவு இருக்க முடியாது. சுகப்பிரசவம் பார்க்கக் கற்ற நர்சுக்குத் தன் பொறுப்பில் அதை முடிக்க அதிகாரம் இல்லை. அறுவை செய்யும் மருத்துவருக்குக் காத்திருக்க நேரம் இல்லை. மருத்துவச்சிகளைத் தனிப் பணிவரிசையாகப் பயிற்றுவிக்க மத்திய அரசு 2018ல் வழிகாட்டி வெளியிட்டது. இலங்கை இதை எப்போதோ செய்துவிட்டது. 1926ல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவைத் தொடங்கி, ஊருக்கு ஊர் அரசு மருத்துவமாதுகளை அமர்த்தி, தாய் இறப்பில் இந்தியாவைப் பல பத்தாண்டுகள் முந்தி நின்றது அந்த நாடு. பொருளாதார நெருக்கடி வந்த 2022க்குப் பிறகு அங்கிருந்தும் மருத்துவர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். கட்டி முடிக்க நூறாண்டு ஆன ஏற்பாடு, கலைய இரண்டு ஆண்டு போதும்.

நர்சுகள் விஷயத்துக்கு வந்தால் ஒரு சொல்லைத் தவிர்க்க முடியாது: தொகுப்பூதியம். 2012ல் அமைந்த மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015ல் போட்டித் தேர்வு வைத்து ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நர்சுகளை எடுத்தது. மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு ஆண்டு கழித்துக் காலமுறை ஊதியம் என்று பேச்சு. அந்த இரண்டு ஆண்டு ஓடிப்போன பிறகும் பெரும்பாலோருக்கு விடியவில்லை. 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு உட்கார்ந்தார்கள். கொங்கு மாவட்டங்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவுப் பிரசவம் பார்த்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். தொகை பின்னர் உயர்ந்தது; நிரந்தரப் பணியிடம் இருந்தால்தான் நிரந்தரம் என்ற விதி அப்படியே நிற்கிறது. புதுக் கட்டடம் திறக்கும்போது கட்டிலுக்கு நிதி ஒதுக்குவார்கள். பணியிடம் உருவாக்க நிதித்துறை ஒப்ப வேண்டும். முதலாவது ரிப்பன் வெட்டி முடிகிறது, இரண்டாவது கோப்பாக அலைகிறது.

இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவில் கற்பிக்கும் மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ் இருக்க வேண்டும், மற்ற இடத்தில் ஐந்துக்கு ஒருவர். பெரியாஸ்பத்திரி வார்டுக்கு உறவினரைப் பார்க்கப் போன எவருக்கும் நிலவரத்தைச் சொல்லத் தேவையில்லை. நோயாளியின் கூடவே இருக்கும் அட்டெண்டர், அதாவது அம்மாவோ மனைவியோ, கணக்கில் வராத நர்சாக வேலை செய்கிறார். டிரிப்ஸ் முடிந்துவிட்டதைப் பார்த்து ஓடிப்போய்ச் சொல்வதும் அவரே.

தனியாரில் பணி அழுத்தம் வேறு மாதிரி, சம்பளம் பல இடத்தில் இன்னும் குறைவு. 2016ல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் பேரில் அமைந்த குழு, 50 கட்டிலுக்குக் குறைந்த மருத்துவமனையிலும் நர்சுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 200 கட்டிலுக்கு மேல் போனால் அரசு நர்சுக்குச் சமம் என்றது. கேரளத்தில் நர்சுகள் சங்கம் கட்டி, வேலைநிறுத்தம் செய்து, 2018ல் குறைந்தபட்ச ஊதிய அறிவிப்பைப் பெற்றார்கள். கணவாய்க்கு இப்பால் அப்படி ஒரு இயக்கம் பிடிக்கவில்லை. பள்ளிப்படிப்பை முடித்த பெண்ணைப் பக்கத்து நர்சிங் கல்லூரியில் சேர்க்கிற விவசாயக் குடும்பமும் நெசவுக் குடும்பமும் கடன் வாங்கித்தான் சேர்க்கின்றன. அந்தக் கடனை உள்ளூர்ச் சம்பளம் அடைக்காது. அதனால் படிப்பு முடிந்த கையோடு ஆங்கிலத் தேர்வு, ஜெர்மன் வகுப்பு. 1978லேயே தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே நர்சுகளை வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்புகிறது. ஏழை நாடுகளின் பணியாளரைப் பணக்கார நாடுகள் இழுத்துக்கொள்வதில் நெறி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2010ல் ஒரு கோட்பாடு வகுத்தது. ஒரே அரசு ஒரு கையால் நர்சை வெளிநாட்டுக்கு வழியனுப்பி, மறு கையால் தொகுப்பூதியத்துக்கு விளம்பரம் கொடுக்கும்போது அந்தக் கோட்பாடு என்ன செய்யும்? போகிற பெண்ணைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது.

மருத்துவர்களைப் பிடித்துவைக்கத் தமிழ்நாடு கண்ட வழி இதைவிடச் சாமர்த்தியமானது. அரசு சேவையில் இருப்பவர்களுக்கு மேற்படிப்பு இடங்களில் 50 சதவீத ஒதுக்கீடு. எம்.பி.பி.எஸ். முடித்த இளைஞர் அந்தியூருக்கோ தாளவாடிக்கோ போவது தியாகத்தால் என்று நினைக்கத் தேவையில்லை. சில ஆண்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தால் எம்.டி., எம்.எஸ். கிடைக்கும், பிறகு தாலுகா ஆஸ்பத்திரி, மாவட்ட ஆஸ்பத்திரி, மருத்துவக் கல்லூரி என்று ஏறிக்கொண்டே போகலாம். சாயங்காலத்தில் சொந்த கிளினிக் வைத்துக்கொள்ளவும் இங்கே தடை இல்லை. அதுவும் ஆளை அரசு வேலையில் நிற்கவைத்த காரணங்களில் ஒன்று, கேட்க நன்றாக இல்லாவிட்டாலும். கட்டாயத் தேசிய நுழைவுத் தேர்வு வந்தபோது இந்த ஒதுக்கீடு ஆட்டம் கண்டது. தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம் தொடுத்த வழக்கில் 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதி அமர்வு, இப்படி ஒதுக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. மருத்துவர் பற்றாக்குறையைப் பற்றி எழுதுகிறவர்கள் கல்லூரி எண்ணிக்கையைப் பேசுகிறார்கள். திம்பம் மலைப்பாதையின் 27 வளைவுகளுக்கு மேலே ஒரு மருத்துவரைக் கொண்டு சேர்ப்பது இந்த ஒதுக்கீட்டு விதி. இரவுப் போக்குவரத்துக்குத் தடை வந்த அந்த வழியில், தாளவாடிக்காரர்கள் ஈரோட்டைவிடக் கர்நாடகத்துச் சாம்ராஜ்நகருக்குப் போவதே வழக்கம் என்பதும் இங்கே சேர்த்துச் சொல்லப்பட வேண்டியது.

கல்லூரிகள் பெருகியது உண்மை. பெருந்துறை சானடோரியம் வளாகத்தில் 1992ல் வந்த கல்லூரி போக்குவரத்துத் துறையின் சாலைப் போக்குவரத்து நிறுவனம் தொடங்கியது. டிரைவர், கண்டக்டர் பிள்ளைகளுக்கு அதில் தனி இடம் இருந்தது. பிறகு சுகாதாரத்துறையிடம் வந்து ஈரோடு அரசு மருத்துவக் கல்லூரியானது. கரூர் 2019ல். 2022 ஜனவரி 12 அன்று பிரதமர் ஒரே நாளில் திறந்துவைத்த 11 அரசுக் கல்லூரிகளில் திருப்பூர், நாமக்கல், நீலகிரி மூன்றும் உண்டு. மாவட்டத்துக்கு ஒன்று என்பது நல்ல நோக்கமே. கற்பிக்கிறவர்கள் மட்டும் மாவட்டத்துக்கு மாவட்டம் முளைக்கவில்லை. 2025ல் தேசிய மருத்துவ ஆணையம் ஆசிரியர் பற்றாக்குறைக்காகத் தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. இதே ஆணையம் 2023ல் பத்து லட்சம் மக்களுக்கு 100 எம்.பி.பி.எஸ். இடம் போதும் என்று வரம்பு போட, தென்மாநிலங்கள் கொதித்து, அது தள்ளிவைக்கப்பட்டது. இடம் அதிகம் என்று ஒரு கடிதம், ஆசிரியர் குறைவு என்று ஒரு கடிதம். இரண்டும் ஒரே மேசையிலிருந்து வந்தவை.

கொங்கு நாட்டின் விளிம்பில் இரண்டு இடங்கள் முற்றிலும் வேறொரு பாதையில் போயின. தர்மபுரி மாவட்டத்தில் கல்வராயன், சித்தேரி மலைகளுக்கு நடுவே சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு. ஆலப்புழை மருத்துவக் கல்லூரியில் ஒன்றாகப் படித்த ரெஜி ஜார்ஜும் லலிதாவும் காந்திகிராமத்தில் வேலை பார்த்துவிட்டு, 1990களின் தொடக்கத்தில் இங்கே வந்து கூரைக் கொட்டகையில் வைத்தியம் ஆரம்பித்தார்கள். அப்போது அந்தப் பள்ளத்தாக்கில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 ஒரு வயதுக்குள் இறந்தன. அவர்கள் வெளியூர் நர்சுக்கு விளம்பரம் கொடுக்கவில்லை. மலைவாசிப் பெண்களையே எடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். பிரசவம் பார்க்கவும், குழந்தையின் எடையை எடுக்கவும், அறுவை அரங்கில் உதவவும் அவர்களே கற்றார்கள். சாவு பல மடங்கு குறைந்தது.

இன்னொன்று நீலகிரி மாவட்டத்துக் கூடலூர். அங்கே ஸ்டான், மாரி தேக்கேக்கரா தம்பதியர் 1980களில் தொடங்கிய அக்கார்டு, பழங்குடிகளின் நில உரிமைக்கான அமைப்பு. நிலத்துக்குப் போராட வந்தவர்கள் பேறுகாலத்திலும் பேதியிலும் சாவதைப் பார்த்த பிறகு வைத்தியமும் அதில் சேர்ந்தது. 1990ல் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை வந்தது. ஷைலா தேவி, நந்தகுமார் மேனன் ஆகிய மருத்துவர்களோடு பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர் வீட்டுப் பெண்கள் நர்சுகளாக நின்றார்கள். வட்டாரத்தில் அரிவாள் செல் ரத்தசோகை இருப்பதைக் கண்டு தொடர்ந்து பின்தொடர அந்த நர்சுகளால் முடிந்தது. நோயாளி அவர்களுக்கு அத்தை மகள், சித்தப்பா மகன். மலையை விட்டு மாற்றல் வாங்கிப் போக வேண்டிய ஆசை அவர்களுக்கு எழக் காரணமே இல்லை. இந்த இரண்டு இடங்களையும் பாராட்டிப் பேசாத கருத்தரங்கு கிடையாது. அரசு தன் சட்டதிட்டத்தில் இதை எடுத்துக்கொண்டதா என்றால், மலையகங்களில் ஆஷா பணியாளர் என்ற அளவோடு நிற்கிறது. நர்சிங் படிப்பின் நுழைவுத் தகுதியும் மாநிலம் தழுவிய கலந்தாய்வும் கடம்பூர் மலைப் பெண்ணைக் கடம்பூருக்கே திருப்பி அனுப்பும்படி அமைக்கப்படவில்லை.

குறைந்த காலம் படித்தவர் மருத்துவரின் வேலையில் ஒரு பகுதியைச் செய்யலாமா என்ற பழைய வழக்கு 2019ன் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தில் மறுபடி எழுந்தது. சமூகச் சுகாதாரப் பணியாளருக்கு வரம்புக்குட்பட்ட உரிமம் தரும் பிரிவை எதிர்த்து மருத்துவர் சங்கங்கள் தெருவுக்கு வந்தன. போலிகளுக்குக் கதவு திறக்கிறது என்ற பயம் நியாயமானதே. ஆனால் அரவிந்த் கண் மருத்துவமனையைப் பார்த்தவர்களுக்கு இதில் வேறு பக்கமும் தெரியும். 1976ல் மதுரையில் 11 கட்டிலோடு ஜி. வெங்கடசாமி தொடங்கிய அது, 1997ல் கோவைக்கு வந்தது. கிராமத்துப் பள்ளிகளில் படித்த இளம்பெண்களை எடுத்து இரண்டு ஆண்டு பயிற்சி கொடுத்து, பார்வைச் சோதனை முதல் அறுவை அரங்க உதவி வரை எல்லாவற்றையும் அவர்களிடம் விட்டு, மருத்துவர் அறுவை மட்டும் செய்யும்படி வேலையைப் பிரித்தது. ஆப்பிரிக்காவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் இதைக் கற்க ஆள் வருகிறார்கள். அந்தப் பெண்களின் சம்பளமும் பதவி உயர்வும் பற்றிய கேள்வியை வருகிறவர்கள் அதிகம் கேட்பதில்லை.

அரசும் இதே பாதையில் ஒரு அடி வைத்திருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. கொண்டுவருபவர் மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த பெண். ரத்த அழுத்தக் கருவி, சர்க்கரை பார்க்கும் கருவி இரண்டும் அவர் பையில். 2024ல் ஐக்கிய நாடுகள் சபையின் விருது கிடைத்தது. தொடக்கத்தில் அவருக்கு மாதம் 4,500 ரூபாய் ஊக்கத்தொகை. அவர் பெயர் தன்னார்வலர் என்பதால் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அவரைத் தொடாது. திருப்பூர் பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டுகிற பெண் அதைவிட அதிகம் வாங்குகிறார்.

திருப்பூரைச் சொன்னதும் இன்னொரு கணக்கு வருகிறது. தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. தமிழ்நாட்டில் 1955ல் முதன்முதலாக வந்தது கோயம்புத்தூரில். மில் தொழிலாளியின் பெரிய பலம் அது. பனியன் தொழில் வளர்ந்து தேசமே அறிந்த திருப்பூரில் 100 கட்டில் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டவே 2019 ஆகிவிட்டது. இதற்கிடையில் ஊரில் வேலை செய்பவர்கள் மாறிவிட்டார்கள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பங்கள் காம்பவுண்டு வீடுகளில் வாடகைக்கு இருக்கின்றன. தடுப்பூசி அட்டை ஊரில் இருக்கும், கர்ப்பிணி இங்கே இருப்பார். நர்சம்மாவுக்கு இந்தி தெரியாது. பக்கத்து அறைப் பையனை மொழிபெயர்க்க வைத்து மாதவிலக்கு தேதி கேட்க வேண்டியிருக்கிறது.

துணை சுகாதார நிலையம் 5,000 பேருக்கு, ஆரம்ப சுகாதார நிலையம் 30,000 பேருக்கு என்ற அளவெல்லாம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பைச் சார்ந்தவை. கடைசியாக எடுத்தது 2011ல். அப்போது திருப்பூர் மாவட்டத்தில் 24.79 லட்சம் பேர், கோவையில் 34.58 லட்சம் பேர். 2021ல் எடுத்திருக்க வேண்டிய அடுத்த கணக்கு 2027க்குப் போய்விட்டது. நர்சம்மா பணியிடம், கட்டில், மாத்திரை எதைக் கேட்டாலும் துறை திரும்பிப் பார்ப்பது அந்தப் பழைய எண்ணையே. இடைப்பட்ட ஆண்டுகளில் நல்லூருக்கும் பல்லடத்துக்கும் வந்து சேர்ந்தவர்களுக்கு, காகிதத்தில், நர்சே தேவையில்லை.